அரை வோல்ட்

கடல் உறைந்து ஐந்து வாரம்.
துளையிட்டு அளந்தேன்: முப்பத்தைந்து சென்டிமீட்டர்.
பொத்னியா வளைகுடாவின் மேல் நடந்துபோய்
குழாய்களை நிறுத்தினோம், நானும் யால்மரியும்.

பெட்டிக்கு முப்பத்திரண்டு வாய்.
முப்பத்தொன்றுக்கு இரை ஒதுக்கியாயிற்று.
கடைசி வாயில், முடிவுக்கென்று ஏழு வெள்ளை வாணம்,
தொடராக,
ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை.

கையுறை கழற்றாமலே போடக்கூடிய கணக்கு.
ஒரு திரிக்கு இரண்டு ஓம்; ஏழுக்குப் பதினான்கு.
கரையிலிருந்து போய்த் திரும்பும் கம்பிக்குப் பத்து.
ஆக இருபத்துநாலு.
பேட்டரியும் இருபத்துநாலு.
வகுத்தால் ஒன்று.
ஒரு ஆம்பியருக்குத் துளி குறைந்தாலும்
பொறுப்பில்லை என்கிறது கையேடு.
அதை எழுதிய அறையில் ஹீட்டர் ஓடியிருக்கும்.
இங்கே மைனஸ் இருபத்தாறு.

இரண்டரை மணிக்கு, வெளிச்சம் போகும் நேரம்,
காலால் உந்தும் சறுக்குவண்டியில் எல்யாஸ் புடாஸ் வந்தார்.
இருக்கையில் ஒரு அட்டைப்பெட்டி, ஸ்கார்ஃபால் கட்டியது.
மரக்கூழ் ஆலை மூடிய பிறகும்
அதன் சௌனா சங்கம் நான்கு வருடம் ஓடியதாம்.
கலைத்தபோது கையிருப்பு எண்பத்துநாலு யூரோ,
உறுப்பினர் பன்னிரண்டு.
பங்கு போட்டால் தலைக்கு ஒரு பீர்.
அதற்கு ஒரு வெள்ளை வாணம் வாங்கிவிட்டார்கள்,
எங்கள் கிடங்கிலேயே. ரசீதை நீட்டினார்.

"இடமில்லை" என்றேன்.
"வானத்திலா?"
பெட்டியைத் திறந்து காட்டினேன்.
ஆலையின் மின்பிரிவில் இருந்தவர்;
முப்பத்திரண்டையும் விரலால் தொட்டு எண்ணினார்,
வாதாடவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, "எட்டாவதாக?"

எட்டென்றால் பதினாறு. கம்பியோடு இருபத்தாறு.
கொஞ்சம் முன்னால் போய் உட்காரலாமே என்றான் யால்மரி.
போகலாம். ஓம் குறையும்.
பாதுகாப்புத் தூரம் குறையாது,
அதன் மேல் நகராட்சி முத்திரை இருக்கிறது.

வேனில் ஒரு சுருள் மிச்சம் கிடந்தது.
பழைய கம்பிக்கு இணையாக இழுத்தால்
மின்சாரத்துக்கு இரண்டு பாதை, நெரிசல் பாதி.
இழுத்தோம்.
பாதி வழியில் சுருள் தீர்ந்தது.
பத்து, ஐந்துக்கு இறங்காமல்
ஏழரையில் நின்றது.

பதினாறும் ஏழரையும் இருபத்துமூன்றரை.
அரை வோல்ட் மிச்சம்,
இருபத்துநாலு இருபத்துநாலாகவே இருந்தால்.

பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்,
இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவில்.
நான்கு கிலோ.
பொத்தான் இடுக்கில் சிவப்புக் கம்பி, கருப்புக் கம்பி.
முதலில் அது என் சூட்டைத் தின்றது.
ஒன்பதுக்கு மேல்
யார் யாருக்குக் குளிர் காய்கிறோம் என்று தெரியவில்லை.

சோதனைப் பொத்தானை அழுத்தினேன். பச்சை.
பாதை அறுபடவில்லை என்பதைத் தவிர
பச்சைக்கு வேறெதுவும் தெரியாது.

பன்னிரண்டு.
முப்பத்தொரு வாயும் பேசி ஓய்ந்தன.
கடைசியை அழுத்தினேன்.
வெள்ளை, வெள்ளை, பனியெல்லாம் வெள்ளை,
எண்ண முயன்றேன்.
ஏழு என்றான் யால்மரி.
எட்டு என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

தொடரில் முந்திப் பற்றுவது
பாலத்தை உடைத்துவிட்டுப் போகிறது.
பிந்தியவன் அக்கரை சேர
மயிரிழை நேரம்தான்.

அரை மணி காத்திருக்க வேண்டும், விதி.
பிறகு நெற்றிவிளக்கோடு போனேன்.
ஐந்தாவது குழாயின் காகித மூடி கிழியவில்லை,
அதற்குள் உறைபனி கூடப் படிந்திருந்தது.
எட்டும் ஒரே அட்டை, ஒரே முத்திரை.
இருட்டில் அடுக்கியது.
எது சங்கத்துடையது என்று குறித்துவைக்க
எனக்குத் தோன்றவில்லை.

கரையில் எல்யாஸ், கூடவே எட்டுப் பேர்.
"கடைசிக்கு முந்தினது எங்களுடையது,
இடப்பக்கம், கொஞ்சம் உயரமாகப் போனதே" என்றார்.
மற்றவர்களும் பார்த்திருந்தார்கள்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதைத்
தொப்பி மறைத்துக்கொண்டது.

பதிவேட்டில்: சுடாதது, ஒன்று.
வேனுக்குள் மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
இருபத்துமூன்று புள்ளி இரண்டு.
சார்ஜரில் மாட்டினேன்.
உள் ஸ்வெட்டரில் செங்கல் அளவுக்கு ஈரம்.
அதைக் கழற்றி ஸ்டியரிங் மேல் காயப் போட்டேன்.